துரையின் மூச்சு

ஜூலை 15, செவ்வாய்

சுங்கை பூரோங் பக்கம் அறுவடை முடிந்து வைக்கோலைக் கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். கிளினிக் கதவைத் திறக்கும்போதே தொண்டை கரகரத்தது. இந்தப் பருவத்தில் இரும வேண்டியவை எல்லாம் இருமும். நாய், பூனை, என் கணவர் இயன், எல்லாம்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆக்ஸிஜன் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தேன். உதவிக்கு இருக்கும் தனேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருமே வரல, அதுக்கு எதுக்கு டாக்டர் இவ்வளவு சேவை?"

"வந்தப்புறம் கழுவ முடியாதில்ல."

கோலாலம்பூரில் வேலை பார்த்த விலங்கு மருத்துவமனையில் கண்ணாடி அறையே இருந்தது, மூச்சுத்திணறல் கேஸ்களுக்கென்று. இங்கே புக்கிட் ரோத்தானில் எனக்கு இருப்பது பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் துளை போட்டுக் குழாய் சொருகியிருக்கிறேன். மூன்று வருடமாக அதுதான். அது எந்தப் பூனையையும் கைவிட்டதில்லை என்று எழுத ஆசை. ஒன்றிரண்டைக் கைவிட்டிருக்கிறது. பெட்டியின் குற்றமில்லை.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. தனேஸ்வரி கோயிலிலிருந்து கூழ் கொண்டுவந்தாள். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஜூலை 19, சனி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

கதவைத் திறப்பதற்குள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று கிளினிக் முன்னால் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். காலில் பூட்ஸ், கையில் துண்டில் சுருட்டிய பூனை. மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த இறுக்கம்தான் முதலில் என் கண்ணில் பட்டது.

"அண்ணே, பிடிய விடுங்க. மெதுவா மேசையில வைங்க."

"விட்டா ஓடிடும் டாக்டர்."

"ஓடத் தெம்பு இருந்தா நல்லதுதான். விடுங்க."

ஓடவில்லை. முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டிக் குந்திக்கொண்டது. பெரிய சாம்பல் நிற ஆண் பூனை. வாய் திறந்திருந்தது. நாய் வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெயில் என்று சொல்லலாம். பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினால் வேறு விளக்கம் தேடக்கூடாது. நாக்கில் சிவப்பு மங்கியிருந்தது. பக்கத்தில் போனால் தைலம் மூக்கைத் துளைத்தது. நெஞ்சு முழுக்கத் தேய்த்திருந்தார்.

அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் வைத்து ஆக்ஸிஜனைத் திறந்தேன். மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தையும் பயத்தைக் குறைக்கிற மருந்தையும் தொடையில் போட்டு உடனே மூடினேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இந்த நிற்பதுதான் யாருக்கும் பிடிப்பதில்லை. அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தனேஸ்வரியைப் பார்த்தார்.

"சும்மா நிக்கிறீங்களே டாக்டர். எக்ஸ்ரே எடுக்கலையா? ரத்தம் எடுக்கலையா?"

"இப்ப அத மல்லாத்திப் பிடிச்சா அங்கயே போயிடும்ணே. இருக்கிற கொஞ்ச மூச்சும் நம்மகிட்ட மல்லுக்கட்டுறதுக்கே செலவாயிடும். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பார்ப்பது சும்மா நிற்பதல்ல. மூச்சு உள்ளே போவது எளிதாக இருந்தது. வெளியே வரும்போதுதான் வயிறு சுருங்கித் தள்ளியது. காற்று உள்ளே போய் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடுகிற மூச்சு. நெஞ்சுக்குள் நீர் கட்டிய பூனை இப்படி விடாது. இது ஆஸ்துமா மாதிரி இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். "மாதிரி" என்பதைப் பிடித்துக்கொண்டும் இருந்தேன்.

அவர் பெயர் தங்கராஜு. பூனையின் பெயர் துரை. பல மாதமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு கக்கப் பார்க்குமாம், ஒன்றும் வராதாம். "முடி உருண்டை மாட்டிக்கிச்சுன்னு விட்டுட்டேன் டாக்டர்." எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பூனை இருமும் என்றே பலருக்குத் தெரியாது.

"தைலம் எப்ப போட்டீங்க?"

"விடியக்காலை. நெஞ்சு கர்ருனு சத்தம் கேட்டுச்சு. மனுசனுக்குப் போடுறதுதானே."

"பூனைக்கு அது விஷம்ணே."

முகம் செத்துப்போனது. பெட்டியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "இது என் வீட்டுக்காரி வளர்த்தது. அமராவதி. அவ போயி வருஷம் ஆகப்போவுது. இத மட்டும் எப்படியாச்சும் காப்பாத்திக் குடுத்துருங்க டாக்டர்."

வாக்குக் கொடுக்கக்கூடாது என்று பழகியிருக்கிறேன். பத்து மணி வாக்கில் துரை வாயை மூடியது. பிறகு கால்களை மடக்கி உட்கார்ந்தது. தனேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள், பெட்டியையா பூனையையா தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

துரை தேறிவிட்டது. அமைதியான பிறகு எக்ஸ்ரே எடுத்தேன். இதயம் சரியான அளவில் இருக்கிறது. மூச்சுக்குழாய்ச் சுவர்கள் தடித்துத் தெரிகின்றன. ஆஸ்துமாதான். தைலம் வந்து கிளறிவிட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். சவர்க்காரம் போட்டுத் துடைத்தெடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

"இனிமே தைலப் போத்தல தொட்டா கைய ஒடச்சிக்கிறேன்" என்றார் தங்கராஜு.

எல்லாம் தெளிவாக இருந்தது. தெளிவாக இருக்கும்போது எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

ஜூலை 23, புதன்

காலையில் மழை, வைக்கோல் புகை அடங்கியது. தங்கராஜு போன் செய்தார். துரை நெத்திலி தின்றதாம்.

ஜூலை 26, சனி

மறுபடியும் அதே லோரி. மறுபடியும் அதே குந்தல், அதே திறந்த வாய். இந்தத் தடவை பூனையை மார்போடு அணைக்காமல் மூடியில்லாத பழக்கூடையில் தூக்கிவந்திருந்தார். சொன்னதைக் கேட்டிருக்கிறார். பாராட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? துரை பெட்டிக்குள் போனதும் அவரிடம் திரும்பி, "தைலம் போட்டீங்களா?" என்றேன்.

"இல்ல டாக்டர்."

"கொஞ்சமா?"

"சத்தியமா இல்ல."

நம்பாமல் அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். சவர்க்கார வாசம். சட்டையில் சாம்பிராணி வாசம், அது ஆடி மாதத்தில் யாரிடம்தான் இல்லை. தனேஸ்வரியின் தலைமுடியிலும் அதே வாசம். அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"இதுக்குப் போயி பொய் சொல்வேனா டாக்டர்?"

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொசுவத்தி? இல்லை. சிகரெட்? அமராவதி இருக்கும்போதே விட்டாச்சு. பூனைத் தொட்டிக்குப் புது மண், புது சோப்பு, பெயிண்ட்? இல்லை, இல்லை, இல்லை. மாத்திரை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். வைக்கோல் புகையும் இந்த வாரம் இல்லை.

துரை இந்தத் தடவை தேற நேரம் பிடித்தது. ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பூனை மூச்சுக்காகப் போராடுவதை நிறுத்திப் படுத்தால் அது ஓய்வு அல்ல. இரண்டாவது ஊசி போட்டேன். தொண்டைக்குள் குழாய் இறக்கத் தேவையானதை எல்லாம் தட்டில் எடுத்து வைத்தேன். தங்கராஜுவை வெளியே உட்காரச் சொன்னேன், போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

குழாய் தேவைப்படவில்லை. மாலையில் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் இன்னொரு தடவை இப்படி வந்தால் என்னால் முடியாமல் போகலாம். அதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

எதை நான் பார்க்காமல் விட்டேன்?

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சில் அன்னம்மாள் திருநாள் பூசை. சாமியார் தூபக்கலசத்தை ஆட்டியபடி நடுவழியாக வந்தார். புகை எங்கள் வரிசையைக் கடந்தபோது இயன் இரண்டு முறை இருமினார். நான் அவர் முதுகைத் தட்டினேன். தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

சாம்பிராணி.

இரண்டு தடவையும் சனிக்கிழமை காலை. இரண்டு தடவையும் முந்தின நாள் வெள்ளி. கையை மோந்தவள் சட்டையை மோந்தபோது யோசிக்கவில்லை. எல்லார் மேலும் இருக்கிற வாசம் என்பதால் அது எனக்கு வாசமாகவே தெரியவில்லை.

பூசை முடியும்வரை பொறுக்கவில்லை எனக்கு. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். நாளைக்கு அவர் கிளினிக்கிலிருந்து துரையை அழைத்துப்போக வருவார், அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

துரையை அழைத்துப்போக வந்தார். மூச்சோடு இழுக்கிற பஃப் மருந்தும், பூனை முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்கும் தயாராக எடுத்து வைத்திருந்தேன். முதலில் அதைக் காட்டியிருக்கலாம். உட்கார வைத்திருக்கலாம். இல்லை, நேராகக் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம வீட்டுல சாம்பிராணி காட்டுவீங்களாண்ணே?"

"ஆமா டாக்டர். அமராவதி படத்துக்கு. அவ இருக்கும்போது அவ காட்டுவா. கதவு சன்னல் எல்லாம் அடச்சிட்டு வீடு பூரா புகை நெறையணும்பா. அதே மாதிரிதான் செய்யிறேன். ஆடியில கொஞ்சம் கூடவே."

"துரை எங்க இருக்கும்?"

"படத்துக்குக் கீழதான். அது எடம் அது."

"அதுதான்ணே காரணம். அத நிறுத்தணும்."

தனேஸ்வரி துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள்.

"அவளுக்குன்னு நான் செய்யிறது அது ஒண்ணுதான் டாக்டர். லோரி ஓட்டிக்கிட்டே இருந்துட்டேன். இருக்கிறப்ப ஒண்ணும் செய்யல."

அப்போது நான் சொன்னேன். எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன். "படத்துக்கு மூச்சு இல்லண்ணே. பூனைக்கு இருக்கு."

உண்மைதான் அது. அதுதான் அதன் அசிங்கம்.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். "சரி டாக்டர்" என்றார். பஃப் மருந்தையும் மாஸ்க்கையும் எடுக்கவில்லை. லோரி கிளம்புகிற சத்தம் கேட்டது. தனேஸ்வரி என்னைப் பார்க்காமலே, "கொஞ்சம் மெதுவா சொல்லிருக்கலாம் லா டாக்டர்" என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 30, புதன்

எடுக்கவில்லை. இயனிடம் சொன்னேன். பள்ளிக்கூட விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"நீ சொன்னது தப்பா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் தூங்காம கெடக்குற?"

"மூச்சுத் திணறி வர்ற பூனைய மல்லாத்திப் பிடிக்காதீங்கன்னு எல்லாருக்கும் பாடம் நடத்துறேன் இயன். அந்த மனுசன நான் நின்ன எடத்துலயே மல்லாத்திட்டேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாளன்னிக்கு வெள்ளி" என்றார்.

எனக்குத் தெரியாதா.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மதியத்தோடு கிளினிக்கைத் தனேஸ்வரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். எஸ்டேட் விற்கப்பட்டபோது அங்கிருந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த தாமான் குடியிருப்பு, செம்பனைக்கு நடுவில் நாலு வரிசை வீடு. லோரி வெளியே நின்றதால் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை.

போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று கட்டிக்கட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒன்றை முடிவு செய்தேன். சாம்பிராணி என்ற வார்த்தையை எடுப்பதில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைத் திரும்பச் சொல்வது அழுத்துவது.

கதவைத் திறந்தவர் சிரிக்கவில்லை. "காட்டுறனான்னு பாக்க வந்தீங்களா டாக்டர்?"

"இல்லண்ணே. இத விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று பையைக் கொடுத்தேன். "அன்னிக்கு நான் பேசினது சரியில்ல. அதையும் சொல்லிட்டுப் போலாம்னு."

கொஞ்சம் விலகி வழிவிட்டார்.

சின்ன ஹால். அமராவதியின் படம் ஆணியில் தொங்கியது. உருண்டை முகம், படம் எடுத்தவரை ஏதோ கேலி செய்யப்போகிற வாய். கீழே ஒரு மெத்தையில் துரை. நின்றபடியே அதன் விலாவைப் பார்த்தேன். மூச்சு வேகம்தான், ஆனால் வாய் மூடியிருக்கிறது. மேசையில் தூபக்கால் கரி அடுக்கித் தயாராக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

மைலோ கலக்கிக் கொடுத்தார், பல் கூசும் இனிப்பு. தரையில் உட்கார்ந்து மாஸ்க்கைக் காட்டினேன். முதலில் தன் மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "பயமாத்தான் இருக்கு, பாவம்." துரை தலையைத் திருப்பிக்கொண்டது. பிடித்து அழுத்தப் போனார்.

"அழுத்த வேணாம்ணே. மருந்தே இல்லாம சும்மா காட்டுங்க. அதுவா மூக்க விடட்டும். நெத்திலி இருக்கா?"

மாஸ்க்குக்குள் நெத்திலியைப் போட்டார். துரை முகர்ந்தது. யோசித்தது. மூக்கை விட்டது. தங்கராஜு உடம்பு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

"துரைன்னு பேரு வச்சதே அவதான். வந்த அன்னிக்கே என் நாற்காலியில ஏறி உக்காந்துக்கிச்சு. 'எழுந்திரிக்காதீங்க துரை, இவரு நின்னுக்குவாரு'ன்னா. அன்னிக்கிலேருந்து நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எப்படி எண்ணுவது என்று சொல்லிக்கொடுத்தேன். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் கூப்பிடச் சொன்னேன். நேரம் பார்க்காமல் கூப்பிடச் சொன்னேன். வெயில் சாய்ந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் நான் அங்கே இருக்கக்கூடாது என்று தோன்றியது. எழுந்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்: "நீங்க ஒண்ணும் சொல்லாம போறீங்களே டாக்டர்?"

"சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்லண்ணே."

வீட்டுக்கு வரும் வழியில் பாதி தூரம் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். அவர் கொளுத்தினால்? வாயில் வந்ததை விழுங்கிவிட்டு வந்ததற்கு ஒரு பூனையின் உயிர் விலையா? இது மரியாதையா, கோழைத்தனமா?

ஆகஸ்ட் 2, சனி

விடிந்ததும் போய் ஆக்ஸிஜனைப் போட்டு வைத்தேன். ஒவ்வொரு லோரிச் சத்தத்துக்கும் எழுந்து பார்த்தேன். இந்தச் சாலையில் எத்தனை குலை லோரி போகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"வரல டாக்டர். நல்ல சேதிதானே?" என்றாள் தனேஸ்வரி.

வராதது இரண்டு விதமாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போனில் ஒரு வீடியோ வந்தது. பேச்சில்லை. துரை மெத்தையில் சுருண்டு தூங்குகிறது. விலா ஏறுகிறது, இறங்குகிறது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். தனேஸ்வரியும் உதட்டை அசைத்து எண்ணினாள். முப்பதுக்குள் நின்றது.

மறுபடி பார்த்தபோதுதான் மேலே சுவர் கண்ணில் பட்டது. ஆணி இருந்தது. சுண்ணாம்பு வெளுக்காத ஒரு சதுரம் இருந்தது. படம் இல்லை.

ஐயோ, அந்த மனுசன் என்ன பண்ணிட்டாரு? அவளயே எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சிட்டாரா? நான் அதக் கேக்கலையே. அத நான் கேக்கவே இல்லையே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்று நாளாக அந்த வெறும் சதுரம் கண்ணுக்குள் நிற்கிறது. போனில் கேட்கிற விஷயமில்லை அது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலையில் துரையைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார். நெஞ்சில் காது வைத்தேன். விசில் சத்தம் கொஞ்சம்தான் மிச்சம். மாஸ்க்கை எடுத்தாலே நெத்திலி என்று நினைத்துத் தானே மூக்கை நீட்டுகிறதாம். மருந்தை நிறுத்தக்கூடாது, புகை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடக்கூடாது என்றேன். "தெரியும் டாக்டர், பல்லு வெளக்குற மாதிரி" என்றார்.

பிறகு கேட்டேன். "அண்ணே, அக்கா படம்..."

"வாங்க டாக்டர்" என்று வெளியே கூப்பிட்டார்.

லோரியின் முன்பக்கம், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு நேரே, கண்ணாடிக்குக் கீழ் அமராவதியின் படத்தை ஆடாமல் கம்பி வைத்துக் கட்டியிருந்தார். மல்லிகைச் சரம் புதிதாக இருந்தது. துரைக்காகச் சன்னல் கண்ணாடிகளை இறக்கியே ஓட்டிவந்திருந்தார், அப்படியும் கதவைத் திறந்ததும் லேசாகச் சாம்பிராணி வாசம்.

"ரொம்ப வருசமா கேட்டுக்கிட்டு இருந்தா டாக்டர். ஒரு தடவை லோரியில ஏத்திக்கிட்டுப் போங்கன்னு. மொதலாளி திட்டுவாரு, அழுக்கு, குலை நாத்தம் அடிக்கும்னு சொல்லிச் சொல்லியே ஒரு நாளும் ஏத்தல. இப்ப பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும் போயிட்டு வர்றா. வெள்ளிக்கெழம வண்டிய தோப்போரம் நிறுத்திட்டு இங்கயே காட்டிடுறேன். வீட்டு வாசல்லயே சட்டையக் கழட்டிட்டுத்தான் உள்ள போறேன்."

"மொதலாளி?"

"திட்டினாரு. அப்புறம் பூ வாங்கிக் குடுத்தாரு."

"துரை?"

"அது இன்னும் அந்த ஆணிக்குக் கீழதான் படுக்குது. அதுகிட்ட என்னத்தச் சொல்றது."

நான் தலையாட்டினேன். சட்டையைக் கழற்றுவது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே தோன்றாதது.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி இன்றோடு முடிகிறது. பழக்கம் விடவில்லை, வந்ததும் ஆக்ஸிஜனைப் போட்டு வைத்தேன்.

எட்டு மணி வாக்கில் குலை லோரி ஒன்று கிளினிக்குக்கு எதிரே வேகத்தைக் குறைத்தது. பெட்டி மூடியைக் கையில் எடுத்துவிட்டேன். லோரி நிற்கவில்லை. ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு சபாக் பக்கம் போய்விட்டது.

"யாரு டாக்டர் அது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் தனேஸ்வரி.

"தங்கராஜு அண்ணனும் சம்சாரமும்" என்றேன். மூடியை வைத்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தினேன்.